காருக்கு மாலை, டிராக்டருக்கு எடைத்தட்டா?

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம், "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது மச்சான், காதல் கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே பதினேழு வந்து கிடக்குது" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

காத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஹை ரோட்டைத் தாண்டிக் கிழக்கே நடந்தால், கருவாட்டு வாடை மூக்கில் ஏறும் இடத்தில் எங்கள் குப்பம் வந்துவிடும். அங்கே ஐஸ் ரூமுக்குப் பின்புறம், கிழிந்த வலைகளைக் குவித்து வைத்திருக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒரு மாசி பெர்குசன் 1035 நாலு வருஷமாக நிற்கிறது. நம்பர் பிளேட்டில் 'டிஎன்' வரிசை வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ வயலில் உழுதுகொண்டிருந்த வண்டி, கை மாறிக் கை மாறி, கடைசியில் எங்கள் ஊருக்குப் படகு இழுக்க வந்து சேர்ந்தது.

படகு இழுப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கரைக்கு வந்த ஃபைபர் போட்டை மணல் மேட்டில் ஏற்றுவதற்கு முன்பெல்லாம் இருபது பேர் தோள் கொடுக்க வேண்டும். டிராக்டர் வந்த பிறகு ஒரு கயிறு, ஒரு டிரைவர், போட்டு சாயாமல் பிடித்துக்கொள்ள நாலு பேர் போதும். எங்கள் ஊரில் அந்த டிரைவர் என் மாமா, அம்மாவோட தம்பி. பதினெட்டு வருஷம் அந்த இரும்பு சீட்டில் உட்கார்ந்தவர். வண்டியை ரிவர்ஸில் அலைக்குள் இறக்குவார். பின் சக்கரம் பாதி முங்கும். கயிற்றை மாட்டியதும் ஒரே மூச்சில் மேலே ஏற்றுவார். எந்த டிராக்டரும் உப்புத் தண்ணீரில் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் இது நின்றது. ஊரில் புது வண்டி வாங்கிய பிறகுதான் இதை ஓரங்கட்டினார்கள்.

போன வருஷம் காயலான் கடைக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரை ஒரு உதை விட்டார். "ஒன்றரை டன்னு தேறும். நாப்பத்தஞ்சாயிரம் தரேன்" என்றார்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, நகரத்தில் நடந்த ஒரு பழைய கார் கண்காட்சிக்கு நானும் மூன்று நண்பர்களும் போயிருந்தோம். அங்கே ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961 முதல் நம் சென்னையில் தயாரான கார். பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுசும் தட்டில் வைத்த மாதிரி கண் முன்னால் நிற்கும். நாலு கதவு வைத்த ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது என்று அதன் சொந்தக்காரர் பெருமையோடு சொன்னார், அது உண்மையும்கூட. அவர் அப்பா அந்தக் காரில்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தாராம். கண் கலங்கச் சொன்னார். பானட் மேல் மல்லிகை மாலை. நாலு பேர் செல்ஃபி எடுத்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். அந்தப் பெரியவர் ஒரு கண்ணாடி ரப்பருக்காக எத்தனை ஊர் அலைந்தார் என்று கேட்டால், அது பணக்காரர் பொழுதுபோக்கு என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரு லாரி கிடையாது. ஒரு பஸ் கிடையாது. டிராக்டர் கிடையவே கிடையாது. திரும்பி வரும்போது ரயிலில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். சுமை தூக்கிய வண்டிக்கு 'பழமை' என்ற மரியாதை ஏன் வருவதில்லை?

இது மைதானத்தோடு முடிகிற சமாசாரமும் அல்ல. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டதாக, பெரிதாக மாற்றப்படாததாக இருந்தால் 'விஏ' என்ற எழுத்து சேர்ந்த தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் என்றால் ஓட்டலாம். நல்ல விதிதான். ஆனால் அதில் இடம் இரு சக்கர வண்டிக்கும் பயணிகள் காருக்கும் மட்டும். லாரிக்கும் டிராக்டருக்கும் அந்தக் கதவு திறக்காது. ஐம்பது வருஷம் சவாரி போனால் அது பாரம்பரியம். ஐம்பது வருஷம் உழைத்தால் அது கழிசடை! அப்படியென்றால் எங்கள் ஊர்க் கிழவர்களை எல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் கேள்வியை நம் வட்டாரத்துப் பிள்ளைகள் கேட்காமல் வேறு யார் கேட்பது? நம் கல்லூரி இருக்கும் இந்த வடசென்னை, வண்டிகளின் பிறந்த வீடு. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு வருஷம் முதலில் பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ-40 கார். அப்புறம்தான் லேலண்டோடு ஒப்பந்தம், காமெட் லாரி, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றம். என் தாத்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஆஸ்டின் காலம் மலையேறிவிட்டது. இருந்தாலும் மூத்த தொழிலாளர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காரைப் பற்றிப் பேசுவார்களாம். ஒரு சக்கரத்தைக்கூடத் தொடாத தாத்தா, தானே பூட்டிய மாதிரி எனக்குக் கதை சொல்வார். திருவொற்றியூரில் 1955-லிருந்து என்ஃபீல்டு புல்லட். செம்பியத்தில் சிம்சன். அந்த சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-லேயே மதராஸில் நீராவிக் கார் செய்து ஓட்டியவர். 1960-ல் தொடங்கிய டாஃபேயின் மாசி பெர்குசன் டிராக்டருக்கு மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் போனதும் சிம்சனிலிருந்துதான். ஆக, ஐஸ் ரூமுக்குப் பின்னால் நிற்கிற எங்கள் வண்டி வெளியூர்க்காரன் அல்ல. செம்பியத்து எஞ்சினைச் சுமந்து, செங்கல்பட்டு சுற்றி, மறுபடி வடசென்னைக்கே வந்தவன்.

காரும் டிராக்டரும் வேறு வேறு சாதி என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சேதி. 1950-களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் என்ற கார் பூட்டப்பட்டது. அந்தக் காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த கார். அதன் எஞ்சினும், இங்கிலாந்தில் பெர்குசன் டிஇ-20 டிராக்டரில் இருந்த ஸ்டாண்டர்ட் எஞ்சினும் ஒரே குடும்பம். லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அமைப்பு. தேய்ந்தால் லைனரை மட்டும் உருவிப் புதிது சொருகலாம், பிளாக்கை போரிங் போட வேண்டியதில்லை. டிரையம்ஃப் டிஆர்-2 என்ற பந்தயக் காரிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அந்த டிராக்டர் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தைத் தொட்டது இதே பெர்குசன் டிராக்டர்களில்தான்! அதற்குப் பின் வந்தது 35 என்ற மாடல். அதன் இந்தியப் பிள்ளைதான் நம் 1035.

ஐஷர் கதை இன்னும் வேடிக்கை. 1959-ல் ஃபரிதாபாத்தில் டிராக்டர் செய்து இந்தியாவில் முன்னோடியாக இருந்த கம்பெனி ஐஷர். 1990-களில் அது திருவொற்றியூர் என்ஃபீல்டை எடுத்துக்கொண்டது. 2005-ல் தன் டிராக்டர் தொழிலை டாஃபேயிடம் விற்றுவிட்டது, புல்லட்டை வைத்துக்கொண்டது. இன்று புல்லட்டுக்குக் காத்திருந்து வாங்குகிறார்கள், பழைய மாடல் மாதிரியே புதிசு வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். பழைய நினைப்புக்கு விலை இருக்கிறது, சரி. அது யாருடைய பழைய நினைப்பு என்பதைப் பொறுத்துத்தான் விலை போலிருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். காயலான் கடைக்காரரிடம் ஊர்க்காரர்கள் தலையாட்டும் முன் நான் போய், "ஒரு மாசம் டைம் கொடுங்க, ஓட வெச்சுக் காட்டறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். மாமாதான் முதலில் சிரித்தார். "ஏன்டா, பரீட்சைல அரியர் வெச்சவன் நீ, எஞ்சினை எழுப்பப் போறியா?"

எஞ்சின் ஜாம். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் பாறை மாதிரி நிற்கிறது. நான்கு பேரும் சேர்ந்து மூன்று நாசிலையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, துணி வைத்து அடைத்துவிட்டு வந்தோம். தினமும் காலையில் போய், கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு அதில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி, முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல அசைத்துப் பார்ப்போம். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும், பொறுமைதான் வேலை. ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட கூச்சலில் ஐஸ் ரூம் ஆட்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அப்புறம் டீசல் டேங்க். உள்ளே தார் மாதிரி கசடு. டேங்கைக் கழற்றி, பழைய சைக்கிள் செயினைத் துண்டு துண்டாகப் போட்டு, டீசல் ஊற்றிக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினோம். ஃபில்டர் புதிது. ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். வகுப்பில் இதைப் படம் போட்டு பத்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தக் குமிழி நிற்கிற நொடி கையில் எப்படித் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மீன் லோடு வண்டியின் பேட்டரியை இரவல் வாங்கி ஸ்டார்ட் செய்தோம். முதலில் வெள்ளைப் புகை. அப்புறம் கறுப்பு. பிறகு திடீரென்று மூன்று சிலிண்டரும் ஒன்று சேர்ந்து, ஊரே தூங்கி எழுந்த காலத்துச் சத்தம். வலை பின்னிக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி தலை நிமிர்ந்து, "தே, பழைய வண்டி" என்றாள். மாமா ஒன்றும் பேசவில்லை. பீடியைப் போட்டு மிதித்துவிட்டு வந்து, ஸ்டீயரிங்கில் கை வைத்து, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

அன்றே ஒரு அறையும் வாங்கினேன். இழுக்கிறதா என்று பார்க்கும் ஆசையில், ஒரு போட்டைக் கட்டக் கயிற்றைப் பின்புறம் மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டிவிட்டேன். மாமா பளீரென்று கன்னத்தில் கொடுத்தார். "கீழ டிராபார்ல கட்டுடா! மேல கட்டினா மூஞ்சி தூக்கிப் பின்னால உன் மேலயே கவுந்துடும்." யோசித்தால் அதுதான் விஷயம். இழுக்கும் இடம் பின் அச்சுக்கு மேலே இருந்தால் வண்டி குதிரை மாதிரி எழும்பும். ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த மூன்று புள்ளி இணைப்பின் பெருமையே இதில்தான் இருக்கிறது. கலப்பை கெட்டி மண்ணில் சிக்கினால் அந்த விசை மேல் லிங்க் வழியாக வண்டியை முன்னால் அழுத்தும். ஹைட்ராலிக்கும் அதை உணர்ந்து கலப்பையைத் தானாகக் கொஞ்சம் தூக்கும். கலப்பைக்கு உயிர் காக்கும் அதே இடம், கயிறு கட்டினால் உயிர் எடுக்கும். நான் புத்தகத்தில் படித்து மறந்ததை எட்டாங்கிளாஸ் தாண்டாத மாமா ஒரு அறையில் சொல்லிவிட்டார்.

துரு எடுக்க ஒரு வழி சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகடிவ்வில் மாட்டி முக்க வேண்டும். பாசிடிவ்வில் ஒரு உதவாத இரும்புத் தகடு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ராத்திரி விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பு தேயாது. தகடாக எவர்சில்வரைப் போட்டுவிடாதீர்கள், விஷம் சேரும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். முன் சக்கர ஹப்பு, பிரேக் டிரம் எல்லாம் இப்படித்தான் எடுத்தோம். அடிப்பாகத்தில் மட்டும் அதிகத் துரு இல்லை, ஆச்சரியமாக இருந்தது. துடைத்துப் பார்த்தால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய அந்தக் கறுப்பு எண்ணெய். வலையையும் போட்டையும் வயிற்றுப் பிழைப்பையும் கெடுத்த எண்ணெய் இந்த ஒரு வண்டிக்கு மட்டும் பூச்சாக இருந்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படவா முடியும்?

பெயின்ட் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. பளபளவென்று சிவப்பு அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவன் நின்றான். மட்கார்டில் மாமா இடது கை ஊன்றி ஊன்றிப் பெயின்ட் தேய்ந்து இரும்பு மின்னுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதை மூடக் கூடாது என்று நான் நின்றேன். இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடித்திருக்கிறோம், மட்கார்டை விட்டுவிட்டு.

மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். "உனக்கு அது பழைய வண்டி. எனக்கு அது இடுப்பு வலி" என்றார். "அந்த சீட்டுல ஸ்பிரிங்னு ஒண்ணு இருந்துதா? உங்க காலேஜ்ல வெச்சா, அதையும் எழுதிப் போடு." எனக்குச் சுருக்கென்றது. பழைய வண்டி என்றதும் உருகுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஓட்டிப் பிழைக்காதவர்கள்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அதனாலேயே காயலான் கடைக்குப் போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை. இடுப்பு வலி எங்கே வந்தது என்று காட்டவும் அந்த சீட்டு வேண்டுமே.

நம் துறையில் ஒரு சார் என் யோசனையைக் கேட்டு, "எலக்ட்ரிக் வண்டி காலத்துல டீசல் டிராக்டரை வெச்சு என்னப்பா பண்ணப் போற? கம்பெனிக்காரன் இன்டர்வியூல சென்சார் கேப்பான்" என்றார். அவர் சொல்வது தப்பில்லை. சென்சார் படிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஒர்க்ஷாப்பில் இருக்கும் வெட்டு எஞ்சின் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசி நிற்கிறதே, அதை யாராவது ஓட்டிப் பார்த்ததுண்டா? ஹைட்ராலிக் நமக்கு சார்ட் பேப்பர்தானே? பேரிங், பிரேக், சீல், லீக் — இவை பேட்டரி வண்டியிலும் இருக்கப் போகின்றன. எங்கள் டிராக்டரின் லிஃப்ட் இன்னும் ஒழுகுகிறது. அது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதைவிட நல்ல பிராக்டிகல் பரீட்சை எனக்குத் தெரியவில்லை. புகை விடும் என்றால் தினமும் ஓட்டச் சொல்லவில்லை. மாசம் ஒரு தரம் பத்து நிமிஷம் போதும்.

செலவு? இதுவரை 11,400 ரூபாய். நாலு பேர் பாக்கெட் மணியும், என் அக்கா கொடுத்ததும். ஹெரால்டு பெரியவர் ரப்பருக்கு அலைந்த மாதிரி நாங்கள் அலையவில்லை. 1035 இன்னமும் விற்பனையில் உள்ள மாடல்; புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பேரிங்கும் சீல் செட்டும் சுலபமாகக் கிடைத்தன. 2025-ல் மாசி பெர்குசன் என்ற பெயரே இந்தியாவில் டாஃபேக்குச் சொந்தமாகிவிட்டது, நம் சென்னைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது இரண்டு. அந்த விதியில் டிராக்டர், லாரி, பஸ்ஸையும் சேர்க்கச் சொல்லிப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு மனு. கையெழுத்து வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றது இன்னும் அவசரம். லேத் ஷாப்புக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகள் கிடக்கிற இடத்தில், பன்னிரண்டுக்கு எட்டடி. வண்டி ஊருக்கே சொந்தமாக இருக்கட்டும். நிறுத்த இடமும் மேலே ஒரு தகரமும் மட்டும் போதும். ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டேன். "காலேஜ் எடுத்துக்கிச்சுன்னா சரி. இல்லன்னா ஆடி முடிஞ்சதும் கொடுத்துடுவோம்" என்றார்கள். காயலான் கடைக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். இப்போது ஓடுகிற வண்டி என்பதால் ஐந்தாயிரம் கூட்டிச் சொல்கிறார்.

ஆர்.சி. இல்லாததால் ரோட்டில் ஓட்டி வர முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். பலகை போட்டு ஏற்றி இறக்குவது எங்களால் ஆகாது. மாமாவைக் கேட்டேன். "நான் வரேன். வேற எவனையும் ஒக்கார விடாத. சீட்டுக்கு ஒரு தலகாணி மட்டும் எத்துனு வா" என்றார்.